குறிப்புக் கட்டம்

மாத அறிக்கையில் ஐந்து கட்டங்கள்.
இரவல் பெற்றோர் நூற்றிப் பன்னிரண்டு.
பத்திரிகைப் பகுதிக்கு வந்தோர் என்று
ஒரு தொகை போட்டிருக்கிறேன்,
மின்விசிறிக்குக் கீழ் தூங்க வருவோரையும் சேர்த்து.
கடைசிக் கட்டத்தின் பெயர் குறிப்பு.
என் சுண்டுவிரல் நீளம்தான் அதன் அகலம்.
வழமையாக ‘இல்லை’ என்று எழுதுவேன்.

இந்த மாதம் இருக்கிறது.

பதினோராம் திகதி. கச்சான் காற்று
யன்னலைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது.
வீரநகர் மனுவேற்பிள்ளை
உசாத்துணைப் பகுதி நீள மேசையில்
பழஞ்சாரத்தில் சுற்றிய ஒன்றை வைத்து அவிழ்த்தார்.
காபரேற்றர்.
பெற்றோல் மணம் எழுந்து
சமய நூல் அலுமாரிவரை போனது.

“இதைப்பற்றி ஏதும் புத்தகம் கிடக்கோ?”

கிடந்தது.
சுனாமிக்குப் பிறகு யாரோ அனுப்பிய பெட்டியொன்றில்
வந்த நாள்முதல் யாரும் திறக்காத
எஞ்சின் கைநூல். தாள்கள் ஒட்டியபடி,
முழுக்க ஆங்கிலத்தில்.
அவர் படத்தைப் பார்த்தார்.
படம் அவரைப் பார்த்தது.

எதிரே கணக்குப் போட்டுக்கொண்டிருந்த ஸுமையா,
கிண்ணியாவிலிருந்து முதல் பஸ்ஸில் வருகிறவள்,
உயர்தரம் இரண்டாம் தடவை,
தலை நிமிராமல் சொன்னாள்:
“அது மிதவை. பெற்றோல் நிரம்பினா மேல வந்து
வழிய மூடும்.”
பிறகு பேனையை மூடினாள்.
பிறகு கதிரையை இழுத்துக்கொண்டு வந்தாள்.

சொல் சொல்லாகத் தமிழில் இறக்கினாள்.
ஒரு சொல்லில் முட்டி நின்றாள்,
அகராதியும் கைவிரித்தது.
அவர் எட்டிப் பார்த்து, அவள் விரல் நின்ற பாகத்தைத் தொட்டு,
“கஸ்கட் பிள்ளை.
அதுக்குத் தமிழும் கஸ்கட்தான்” என்றார்.

சீனக்குடாவில் வேலைசெய்யும் நிஸ்ஸங்க
சிங்களப் பத்திரிகையை மடித்துவிட்டு எழுந்து வந்தார்,
தன் மச்சானின் மோட்டார் சைக்கிளிலும் இதே வருத்தமாம்.
அவர் சொன்ன வைத்தியம் வேறு.
மூன்று மொழியிலும் அமைதி பேணச் சொல்லும் பலகைக்கு
நேர் கீழே
மூன்று மொழியிலும் வாக்குவாதம்.

அடக்குவது என் வேலை. எழுந்து போனேன்.
ஸுமையா ஒரு பித்தளைத் துண்டை
வெளிச்சத்துக்கு நேரே பிடித்து
ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள்.
“ஓட்டை அடைச்சிருக்கு சேர். வெளிச்சம் வரல்ல.”
அடக்கப் போனவன்
பொக்கற்றிலிருந்த குண்டூசியைக் கொடுத்துவிட்டுத் திரும்பினேன்.

வாசலில் மானொன்று
கழன்ற சுவரொட்டியை மென்றுகொண்டு நின்றது.
இந்த ஊரில் அதற்குக் குறிப்புத் தேவையில்லை.

மேசையில் உள்ளங்கையளவு கறை.
நூலகர் அம்மா மண்ணெண்ணெய் போட்டுத் துடைக்கச் சொன்னா.
துடைத்தேன். இரண்டு உள்ளங்கையளவு ஆனது.

வியாழக்கிழமை மனுவேற்பிள்ளை மறுபடி வந்தார்.
எஞ்சின் ஸ்டார்ட் ஆகவில்லையாம்.
“பிஸ்டன் றிங் தேஞ்சு போச்சு.
புத்தகத்தில பிழையில்ல தம்பி,
பதினேழாம் பக்கத்தில போட்டிருக்காம்.
நாங்கள்தான் ஒன்பதோட நிப்பாட்டிட்டம்.”

கைநூலை வீட்டுக்குக் கேட்டார்.
உசாத்துணை நூல் வெளியே போகாது.
அங்கத்தவராகவும் வழியில்லை:
பிணை நிற்பவருக்கு நகருக்குள் சொந்த வீடு வேண்டும்.
எனக்கே இல்லை.
ஆகவே பின்னேரங்களில் வந்து இருக்கிறார்.
தனியாக அல்ல.
ஒருவர் வங்கிக் கடிதத்தோடு வந்தார்.
பாலையூற்றுத் தையல்காரி ஒருத்தி
நூல் அறுக்கும் மெசினின் வயிற்றைக்
கழற்றியே கொண்டுவந்தாள்.

ஸுமையாவுக்குக் கோபம்.
“எனக்குச் சோதின இரிக்கி” என்று
யன்னலோர மேசைக்கு மாறிவிட்டாள்.
கதிரையை மட்டும்
இந்தப் பக்கம் பார்க்கப் போட்டிருக்கிறாள்.

கணக்காய்வாளர்கள் வருவார்கள். கறையைக் கேட்பார்கள்.
சுண்டுவிரல் நீளத்துக்குள் எழுதவேண்டும்.
மூன்று தரம் வெட்டி, இப்படி முடித்தேன்:

குண்டூசி ஒன்று வழங்கப்பட்டது.
திருப்பித் தரப்படவில்லை.
தண்டம் அறவிடவில்லை.